"தாலிக்கொடியை அடகு வைக்க வேண்டாம்மா!"
3 லட்சம் கேட்ட புரோக்கர். ஜப்பான் பாஷை படிக்கும் தறிக்காரர் மகன்

ஜலகண்டாபுரம்:-

ராத்திரி விசைத்தறிச் சத்தம் அடங்கியதும் ஒரு வீட்டுத் திண்ணையில் இருந்து வேறு சத்தம் கேட்கிறது. "இச்சி... நி... சான்..."

ஒன்று, இரண்டு, மூன்றைத்தான் ஜப்பான் பாஷையில் சொல்லிப் பார்க்கிறார் ஒரு வாலிபர். வயது 22. தறி ஓட்டுபவரின் மகன். "பேரு போடாதீங்க" என்று கேட்டுக் கொண்டார்.

"3 லட்சம் கொடுங்க. மூணே மாசத்துல ஜப்பான்ல வேலை. பாஷையை அங்க போய் கத்துக்கலாம்" என்று ஒரு புரோக்கர் வீடு தேடி வந்து ஆசை காட்டினாராம். தாயார் தாலிக்கொடியை அடகு வைக்கக் கிளம்பி விட்டார். "இரும்மா, விசாரிப்போம்" என்று தடுத்தார் மகன்.

புளுகு அம்பலம்

விசாரித்ததில் புளுகு அம்பலமானது. முதியோர் பராமரிப்பு, விவசாயம், ஓட்டல் போன்ற வேலைகளுக்கு ஆள் எடுக்க இந்தியாவும் ஜப்பானும் 2021 ஜனவரியில் ஒப்பந்தம் செய்தது உண்மை. ஆனால் இதில் போக வேலைத் திறன் பரீட்சையும் வேண்டும், பாஷைப் பரீட்சையும் வேண்டும். ஆரம்பப் படியான என்-5 போதாது. அடுத்த படியான என்-4 அல்லது அதற்கு ஈடான பரீட்சை பாஸ் செய்ய வேண்டும். பணம் கட்டிப் பாஷையைத் தாண்ட வழியே இல்லை!

தமிழ் மாதிரியே

"பயந்துட்டேதான் ஆரம்பிச்சேன். பாத்தா நம்ம பாஷை மாதிரியே இருக்குதுங்க" என்கிறார் வாலிபர்.

க, கி, கு, கெ, கொ என்றே அங்கும் வரிசை. ஹிரகானா எழுத்து 46. கதகானா எழுத்து 46. வினைச்சொல் கடைசியில்தான் வரும். "தம்பி டோக்கியோவுக்குப் போகிறான்" என்பது "ஒதோதொ வா தோக்கியோ நி இகிமாஸ்". நம்ம "உக்கு" அங்கே "நி". கடைசியில் "கா" போட்டால் "போகிறானா?" என்ற கேள்வி ஆகிவிடும்.

நான், அவன், அவள் யார் போனாலும் "இகிமாஸ்"தான். நமக்குக் குறில், நெடில் தெரிந்திருப்பதும் லாபம். "ஒபசான்" என்றால் அத்தை. "ஒபாசான்" என்று நீட்டினால் பாட்டி!

ஜப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ இரண்டு பாஷைக்கும் உறவு உண்டு என்றே வாதாடினார். மொழி ஆராய்ச்சியாளர்கள் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. ஆனாலும் வாக்கிய அமைப்பு ஒத்துப் போவது படிப்பவருக்கு நன்மைதான்.

தலைவலி எது?

எண்ணுவதில்தான் சிக்கல். மடித்த சேலை போன்ற தட்டையான பொருளுக்கு "இச்சிமாய்". பென்சில் போல நீளமானதற்கு "இப்போன்". ஆள் என்றால் "ஹிதோரி". எல்லாமே "ஒன்று"தான்! இதுபோக காஞ்சி என்ற சித்திர எழுத்து. என்-5க்கே சுமார் 100 படிக்க வேண்டும். மொத்தம் 180 மார்க். பாஸ் செய்ய 80. ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தபட்ச மார்க் தனி.

இந்தப் பரீட்சை 1984-ல் தொடங்கியது. சென்னையிலும் நடக்கிறது. அங்கே ஏ.பி.கே.-ஏ.ஓ.டி.எஸ். தோசோகாய் பல வருஷமாக வகுப்பு நடத்துகிறது. கையில் காசில்லாதவர்களுக்கு ஜப்பான் பவுண்டேஷனின் "இரோதோரி" பாடப் புத்தகம் இணையத்தில் இலவசம். இந்த வாலிபர் படிப்பதும் அதில்தான்.

உஷார்!

வெளிநாட்டு வேலை என்று யார் வந்தாலும் பதிவு பெற்ற ஏஜெண்டா என்று மத்திய அரசின் "இ-மைகிரேட்" தளத்தில் பார்த்துவிட வேண்டும். ரசீது இல்லாமல் பைசா கொடுக்கக் கூடாது.

புரோக்கர் அப்புறம் அந்தத் தெருப் பக்கமே வரவில்லையாம். மகன் காலையில் "ஒஹாயோ" என்று வணக்கம் சொல்ல, தாயாரும் பதிலுக்கு "ஒஹாயோ" என்கிறார். தாலிக்கொடி அவர் கழுத்திலேயே இருக்கிறது.