ஆசனப்பட்டிச் சட்டம்: இடத்துக்கு இடம் ஏன் வேறுபாடு?

போரில் உழைப்பாளியை இழந்த பல வீடுகளுக்கு நான் பணி நிமித்தம் சென்று வருகிறேன். எஞ்சியிருக்கும் மகனையோ சகோதரனையோ வீதி விபத்தில் பறிகொடுப்பதை அந்த வீடுகள் தாங்கமாட்டா. அதனாலேயே வாகன ஆசனப்பட்டி பற்றி உங்களுடன் பேச விரும்புகிறேன்.

வாகனம் மோதும்போது உடல் முன்னே வீசப்படாமல் பிடித்துக்கொள்வதே இப்பட்டியின் வேலை. காரின் முன் ஆசனத்தில் இருப்பவர் இதை அணிந்தால் உயிரிழக்கும் ஆபத்து ஏறத்தாழ 45 வீதம் குறையும் என அமெரிக்காவில் கணக்கிட்டுள்ளனர்.

இதைக் கட்டாயமாக்கும் சட்டம் உலகில் முதன்முதலாக 1970இல் அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் வந்தது. அமெரிக்காவில் 1984இல் நியூயோர்க் மாநிலம் வழிகாட்டியது. ஆனால் அந்நாட்டில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறுபடுகிறது. பல மாநிலங்களில் பட்டி அணியாத ஒரு காரணத்துக்காகவே பொலிஸார் வாகனத்தை மறிக்கலாம். வேறு சிலவற்றில், அதிவேகம் போன்ற இன்னொரு குற்றத்துக்காக மறித்தால்தான் இதற்கும் தண்டப்பணம் விதிக்கலாம். முதல்வகை மாநிலங்களிலேயே பட்டி அணிவோர் கூடுதலாக உள்ளனர். நியூ ஹாம்ஷயர் மாநிலத்தில் வயது வந்தோருக்கு இச்சட்டமே இல்லை. நாடு முழுவதும் பத்தில் ஒன்பது பேர் அணிய, அங்கே ஏறத்தாழ நான்கில் மூவரே அணிகின்றனர்.

இதிலிருந்து விளங்குவது என்ன? சட்டம் எழுதப்பட்டால் மட்டும் போதாது. மறிப்பார்கள், தண்டம் விதிப்பார்கள் என்ற எண்ணம் இருக்கும் இடத்தில்தான் அது பழக்கமாகிறது.

இலங்கையில் 2011 முதல் சாரதிக்கும் முன் ஆசனத்தில் இருப்பவருக்கும் இது கட்டாயம். ஆயினும் பொலிஸாரைக் கண்டதும் பட்டியை இழுத்துப் பூட்டி, கடந்ததும் கழற்றுவோரை நான் அடிக்கடி காண்கிறேன். பொலிஸார் நிற்காத வீதியில் நினைவூட்ட வேண்டியவர்கள் வீட்டார்தான்.

சகோதரிகளே, சில விடயங்களை மனதில் வைத்திருங்கள். குழந்தையை மடியில் வைத்து முன் ஆசனத்தில் இருக்காதீர்கள். இருவரையும் ஒரே பட்டியால் கட்டினால் மோதும்போது குழந்தை நசுங்கிவிடும். கர்ப்பிணிகள் கீழ்ப்பட்டியை வயிற்றுக்குக் கீழே, இடுப்பெலும்போடு ஒட்டிப் பூட்ட வேண்டும். மேற்பட்டி மார்புகளுக்கு நடுவாகச் செல்ல வேண்டும். வாகனம் புறப்படுமுன், "தம்பி, பட்டியைப் பூட்டிட்டீங்களோ?" என்று சாரதியிடம் கேளுங்கள். கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.