ஐயம் எழுந்தால் விசுவாசம் அழிந்ததோ?

மனத்தில் ஐயம் எழுந்தவுடன் விசுவாசமே போய்விட்டதென அஞ்சுவோர் நம்மிடையே உளர். அத்தகையோர் சிறுமலர் புனித தெரேசம்மாளின் இறுதி நாள்களை எண்ணிப் பார்த்தல் நலம்.

பிரான்சு நாட்டின் லிசியே நகரக் கார்மேல் மடத்தில், 1896-ஆம் ஆண்டுப் பாஸ்குக் காலத்தில், அவரது ஆன்மாவைப் பேரிருள் சூழ்ந்தது. விண்ணகம் என ஒன்று உண்டோ எனும் சோதனை, 1897 செப்டம்பர் 30-இல், 24 வயதில் அவர் இறக்கும்வரை நீடித்தது. அவரோ விசுவாசப் பிரமாணத்தைத் தம் குருதியாலேயே எழுதித் தம்மிடம் வைத்திருந்தார். சோதனை வேறு, அதற்கு இணங்குதல் வேறு என்பதை அவர் அறிந்திருந்தார்.

அவ்விருளை அவர் மறைக்கவுமில்லை. மடத்துத் தலைவி மரி கொன்சாக் அம்மையார் பணித்தபடி, 1897 சூன் மாதத்தில் அதனை அவருக்கே எழுதினார். அதிகாரம் பெற்றவர் கேட்டறிய முன்வந்ததால் அச்சாட்சியம் நமக்கும் கிட்டிற்று. அவ்வாறு எழுதியவரையே திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1997-இல் திருச்சபையின் மறைவல்லுநர் என அறிவித்தார்.

ஆதலின், "கடவுள் உண்டா?" என நம் பிள்ளைகள் வினவும்போது அதட்டி அடக்காதிருப்போம். பொறுமையுடன் கேட்போம், அன்றிரவும் அவர்களோடு முழந்தாளிட்டுச் செபிப்போம். ஐயுறும் உள்ளத்தைத் தாங்குவதும் பெற்றோர்க்கும் குருக்களுக்கும் இறைவன் அளித்த அதிகாரத்தின் கடமையன்றோ?