ஜரிகை டெஸ்ட் பண்ணும்போது ஃப்யூம் ஹூட் நின்னுட்டா... முதல்ல என்ன செய்யணும்?

ஆரணிப் பட்டு எடுக்க வருபவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "ஜரிகை அசல்தானே?" பட்டு நூலைச் சுற்றி, கொஞ்சம் செம்பு கலந்த வெள்ளிக் கம்பி, அதன்மேல் தங்க முலாம். இதுதான் அசல் ஜரிகை. வெள்ளி எவ்வளவு, செம்பு எவ்வளவு என்று கண்டுபிடிப்பது கெமிஸ்ட்ரி மாணவர்களுக்கு சூப்பர் புராஜெக்ட். சிக்கல், முதல் படியிலேயே இருக்கிறது.

அடர் நைட்ரிக் அமிலத்தில் ஜரிகையைப் போட்டால் வெள்ளியும் செம்பும் கரையும். கூடவே பழுப்பு நிறப் புகை கிளம்பும். அது நைட்ரஜன் டை ஆக்சைடு, நச்சு வாயு. (பட்டு புரதம் என்பதால் மஞ்சளாகும். அமிலம் பட்டால் உங்க விரலும் அதே மஞ்சள்தான்!) இதனால்தான் இந்தச் சோதனையை ஃப்யூம் ஹூட்டுக்குள் செய்யச் சொல்கிறார்கள். பொதுவாக நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் காற்றை இழுத்து, புகையை வெளியே தள்ளிவிடும்.

பாதியில் கரன்ட் போயிடுச்சுன்னா?

பீக்கரைத் தூக்கிட்டு ஜன்னலுக்கு ஓடத் தோணும். வேண்டவே வேண்டாம், புகை நேரா உங்க முகத்துக்குத்தான் வரும். ஹூட்டின் கண்ணாடிக் கதவை முழுசா இறக்குங்க. ஹீட்டர் சுவிட்ச் வெளியே கைக்கு எட்டினா ஆஃப் பண்ணுங்க. "ஹூட் நின்னுடுச்சு"ன்னு சத்தமா சொல்லி, எல்லோரும் வெளியே வந்து லேப் கதவைச் சாத்திட்டு ஆசிரியரிடம் சொல்லுங்க. பிராக்டிகல் மார்க் போயிடுமேன்னு உள்ளே நிக்காதீங்க.

இந்த வாயுவின் உண்மையான ஆபத்து, அது தாமதமாக வேலை காட்டுவது. முதலில் லேசான இருமல், கண் எரிச்சல், அதுவும் அடங்கிவிடும். பஸ் ஏறி வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகு, பல மணி நேரம் கழித்துக்கூட நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறலாம். அதனால் புகையைச் சுவாசித்திருந்தால், நல்லாத்தானே இருக்கேன் என்று நினைக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்க. வாயுவின் பெயரை டாக்டரிடம் மறக்காம சொல்லுங்க. மூச்சு வாங்கினால் உடனே 108.

கரன்ட் இருக்கும்போதும் மோட்டார் சத்தத்தை மட்டும் நம்ப முடியாது. பெல்ட் அறுந்திருக்கலாம், குழாய் அடைத்திருக்கலாம். ஆரம்பிக்கும் முன் கதவின் திறப்பில் ஒரு டிஷ்யூ துண்டைப் பிடித்துப் பாருங்க, உள்பக்கமா இழுக்கணும். பீக்கர் விளிம்பிலிருந்து 15 சென்டிமீட்டராவது உள்ளே இருக்கட்டும். ஜெனரேட்டர் இணைப்பு லைட்டுக்கு மட்டுமா, ஹூட்டுக்கும் சேர்த்தா என்பதையும் கேட்டு வைங்க. ஜரிகை ரெண்டு சென்டிமீட்டர் போதும், புகையும் குறையும்.

கரன்ட் திரும்பி வந்ததும் கதவைத் தூக்கிடாதீங்க. ஹூட் கொஞ்ச நேரம் ஓடி, ஆசிரியர் டிஷ்யூ வைத்துப் பார்த்த பிறகுதான் அடுத்த வேலை.