ஊர் இரண்டுபட்டது... ஓட்டு பாதிதான் விழுந்தது!

ஏரியைப் பற்றிய ஒரு கேள்வி மதச் சண்டையாக மாற எத்தனை நாள் பிடிக்கும்? ஹைதராபாத்தில் ஒரு நாள் போதுமானதாக இருந்தது.

2020 நவம்பர் 25. ஹைதராபாத் பெருநகர மாநகராட்சித் தேர்தலுக்கு ஆறே நாள் பாக்கி. ஊரார் 'மஜ்லிஸ்' என்று சொல்லும் ஏஐஎம்ஐஎம் கட்சியின் சட்டமன்றத் தலைவர் அக்பருத்தீன் ஒவைசி மேடையேறினார். ஏரிக்கரை ஏழைகளின் வீடுகளை ஆக்கிரமிப்பு என்று இடிக்கிறீர்களே, உசேன் சாகர் கரையில் இருக்கும் நரசிம்ம ராவ், என்.டி.ஆர். நினைவிடங்களையும் இடிப்பீர்களா என்று கேட்டார். குத்தலான கேள்விதான். ஆனாலும் உள்ளே ஒரு நியாயம் இருந்தது. ஹைதராபாத்தின் ஏரிகளைத் தின்று தீர்த்தவர்கள் ஏழைகள் மட்டுமா?

அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. அந்த நினைவிடங்களில் கை வைத்தால் இரண்டே மணி நேரத்தில் மஜ்லிஸின் தலைமையகமான தாருஸ்ஸலாமைத் தரைமட்டமாக்குவோம் என்று அன்றைய மாநில பாஜக தலைவர் பண்டி சஞ்சய் முழங்கினார். அதற்கு முந்தைய நாள்தான், பழைய நகரத்தில் ரோஹிங்கியாக்களும் பாகிஸ்தானியரும் இருக்கிறார்கள், அவர்களை விரட்ட 'சர்ஜிகல் ஸ்டிரைக்' நடத்துவோம் என்று பேசியிருந்தார். இருவர் மீதும் போலீஸ் வழக்குப் போட்டது. தொலைக்காட்சிகளுக்கு ஒரு வாரத்துக்குத் தீனி கிடைத்தது. ஏரி போன இடம் தெரியவில்லை.

வெள்ளம் வடிந்தது, பேச்சு ஏறியது

இத்தனைக்கும் அந்தத் தேர்தலுக்கு ஆறேழு வாரம் முன்புதான் ஊர் மூழ்கியிருந்தது. அக்டோபர் 13, 14 தேதிகளில் கொட்டிய மழையில் நகரின் விளிம்பிலுள்ள கட்கேசர் பகுதியில் மட்டும் 30 செ.மீ.க்கும் மேல் பதிவானது. அடுத்த சில நாளில் குர்ரம் செருவு ஏரியின் கரை உடைந்து, பழைய நகரத்தின் ஹபீஸ் பாபா நகர் தெருக்களில் வெள்ளம் புகுந்தது. கிழக்கே எல்.பி.நகர், சரூர்நகர் காலனிகளிலும் அதே கதி. முஸ்லிம்கள் மிகுந்த பஸ்தி, இந்துக்கள் மிகுந்த காலனி என்ற பேதம் தண்ணீருக்கு இல்லை. அடைபட்ட நாலாதான் அதன் கணக்கு. மழைநீர்க் கால்வாயை அங்கே நாலா என்பார்கள். நம் ஊர் மழைநீர் வடிகாலுக்கு அண்ணன்.

தேர்தல் களத்தில் இந்த வெள்ளம் என்னவாக மாறியது என்பதைப் பார்க்க வேண்டும். குடும்பத்துக்கு 10,000 ரூபாய் நிவாரணம் என்றார் டிஆர்எஸ் கட்சியின் தலைவரும் அன்றைய முதல்வருமான சந்திரசேகர ராவ். அரசின் 'மீ சேவா' சேவை மையங்களின் வாசலில் ஜனங்கள் வரிசை கட்டினார்கள். நவம்பர் 18 அன்று தேர்தல் நடத்தை விதியைக் காட்டி மாநிலத் தேர்தல் ஆணையம் அதை நிறுத்தியது. பணத்தை நிறுத்தச் சொல்லிக் கடிதம் எழுதியது பாஜகதான் என்றது டிஆர்எஸ். கடிதம் போலி என்றார் பண்டி சஞ்சய். சொன்னதோடு நிற்கவில்லை. சார்மினாரின் ஒரு மினாரை ஒட்டினாற்போல் இருக்கும் பாக்யலட்சுமி கோயிலுக்குப் போய், சத்தியம் செய்ய நீங்களும் வாருங்கள் என்று முதல்வருக்குச் சவால் விட்டார்.

1591-ல் எழுந்த சார்மினாரும், அதன் காலடியில் பிற்காலத்தில் முளைத்த அந்தச் சிறு கோயிலும் இந்த ஊரின் எல்லாச் சச்சரவுக்கும் முகவரி. வளையல் வாங்க லாட் பஜாருக்குப் போகிற பெண்கள் இரண்டையும் ஒரே பார்வையில் கடந்துவிடுவார்கள். அரசியலால் அப்படிக் கடக்க முடிவதில்லை. நவம்பர் 29 அன்று அமித் ஷா நேராக அந்தக் கோயிலுக்குத்தான் வந்தார். ஹைதராபாத்தை 'பாக்யநகர்' ஆக்குவோம் என்று உத்தரப் பிரதேச முதல்வர் யோகி ஆதித்யநாத் பேசிவிட்டுப் போயிருந்தார். 150 கார்ப்பரேட்டர்களைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல் அது. குப்பை, தண்ணீர், தெருவிளக்குதான் அவர்கள் கைக்கு எட்டும் வேலை. அதற்கு டெல்லியும் லக்னோவும் படை திரட்டி வந்தன.

இரண்டு துருவம், ஒரு பலி

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பது நம் பழமொழி. ஹைதராபாத்தில் கூத்தாடிகளே இரண்டு பேர். 2016 மாநகராட்சித் தேர்தலில் டிஆர்எஸ் 99, மஜ்லிஸ் 44, பாஜக 4. 2020-ல் பாஜக 48. மஜ்லிஸ் அதே 44. டிஆர்எஸ் மட்டும் 56-க்குச் சரிந்தது.

இந்த எண்களில்தான் விஷயம் இருக்கிறது. பாஜகவும் மஜ்லிஸும் ஒன்றையொன்று அழிக்கப் போவதாகத்தான் பேசின. ஆனால் பாஜகவின் பேச்சால் மஜ்லிஸுக்கு ஒரு இடம்கூடக் குறையவில்லை. மஜ்லிஸ் பேசப்பேச பாஜக பன்னிரண்டு மடங்காக வளர்ந்தது. இருவரும் ஒரே வாக்காளரிடம் ஓட்டுக் கேட்பதே அபூர்வம். 150 வார்டில் மஜ்லிஸ் நின்றது 51-ல்தான். ஒருவரின் பேச்சு மற்றவரின் கூட்டத்தைச் சேர்த்துக்கொடுத்தது. அடி வாங்கியது நடுவில் நின்ற கட்சி.

எல்.பி.நகர் பக்கம் டிஆர்எஸ் துடைத்தெறியப்பட்டதில் வெள்ளத்துக்கும் பெரிய பங்கு உண்டு. ஜனங்களின் கோபம் நிஜம். ஆனால் அந்தக் கோபம் போய்ச் சேர்ந்த மேடையில் நாலாவைப் பற்றிய பேச்சு குறைவாகவும், நகரத்தின் பெயரைப் பற்றிய பேச்சு அதிகமாகவும் இருந்தது.

இன்னொரு எண்ணும் உண்டு. 46.55. இந்தக் கூச்சலுக்கெல்லாம் நடுவே 2020 டிசம்பர் 1 அன்று பதிவான வாக்கு விழுக்காடு அது. 74 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்களில் ஏறக்குறைய 40 லட்சம் பேர் வாக்குச்சாவடிப் பக்கமே வரவில்லை. கொரோனா பயம் ஒரு காரணம். சனி, ஞாயிறு, திங்கள் குருநானக் ஜயந்தி, செவ்வாய் ஓட்டு என்று நான்கு நாள் தொடர் விடுமுறை ஒரு காரணம். ஆனால் கொரோனாவே இல்லாத 2016-லும் 45 விழுக்காடுதான்.

வந்தவர்களிலும் சிலர் திரும்பிப் போக வேண்டியதாயிற்று. பழைய மலக்பேட்டை வார்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் வேட்பாளருக்குக் கதிர் அரிவாள் சின்னத்துக்குப் பதிலாக, மார்க்சிஸ்ட் கட்சியின் சுத்தியல் அரிவாளை வாக்குச்சீட்டில் அச்சிட்டுவிட்டார்கள். ஓட்டு தொடங்கிய பிறகுதான் கண்டுபிடித்தார்கள். வாக்குப்பதிவை ரத்து செய்து டிசம்பர் 3 அன்று மறுபடி நடத்தினார்கள். நகரத்தின் பெயரை மாற்றுவது பற்றி நாடே விவாதித்துக்கொண்டிருந்தபோது, ஒரு வார்டின் சீட்டைச் சரிபார்க்க ஆள் இல்லை.

அமெரிக்காவில் வேறு கணக்கு

அந்த டிசம்பர் 1-க்கு நான்கு வாரம் முன்பு, நவம்பர் 3 அன்று, அமெரிக்காவில் அதிபர் தேர்தல் நடந்தது. ஹைதராபாத்தில் அதைக் கவனிக்காத நடுத்தரக் குடும்பம் குறைவு. விசா கிடைக்க வேண்டும் என்று சில்கூர் பாலாஜி கோயிலைப் பதினொரு சுற்றும், கிடைத்த பிறகு நூற்றெட்டுச் சுற்றும் சுற்றி வருகிற ஊர் இது. அங்கே டிரம்பா, பைடனா என்பது இங்கே பிள்ளையின் வேலை பற்றிய கேள்வி.

அந்தத் தேர்தலில் தகுதியுள்ள அமெரிக்கர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் வாக்களித்தார்கள். 1900-க்குப் பிறகு அதுதான் அதிகம். வெறுப்பு அவர்களை வாக்குச்சாவடிக்கு இழுத்து வந்தது. பைடன் 306 தேர்வாளர் வாக்குகளும் டிரம்ப் 232-ம் பெற்றார்கள். தோற்றவரின் ஆதரவாளர்கள் 2021 ஜனவரி 6 அன்று நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்தார்கள்.

அந்த வெறுப்பு அரசியலோடு நிற்கவில்லை. நமக்குப் புரிகிற அளவுகோல் ஒன்று உண்டு: சம்பந்தம் செய்வது. உன் மகனோ மகளோ எதிர்க்கட்சிக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டால் வருத்தப்படுவாயா என்று 1960-ல் அமெரிக்கர்களைக் கேட்டார்கள். நூற்றுக்கு ஐந்து பேர்தான் ஆம் என்றார்கள். 2010-ல் அதே போன்ற கேள்விக்குக் குடியரசுக் கட்சியினரில் ஏறத்தாழ பாதிப் பேரும், ஜனநாயகக் கட்சியினரில் மூன்றில் ஒருவரும் ஆம் என்றார்கள். நம் ஊரில் சாதி செய்கிற வேலையை அங்கே கட்சி செய்யத் தொடங்கிவிட்டது.

எப்படி இப்படியானது? ஒரு காலத்தில் இரு கட்சிகளிலும் எல்லா வகை ஆட்களும் கலந்திருந்தார்கள். பழமைவாத ஜனநாயகக் கட்சிக்காரரும் தாராளவாதக் குடியரசுக் கட்சிக்காரரும் அன்று சாதாரணம். 1964-ன் சிவில் உரிமைச் சட்டத்துக்குப் பிறகு மெல்ல மெல்ல வடிகட்டல் நடந்தது. நிறம், மதம், நகரம், கிராமம் எல்லாம் கட்சியோடு ஒட்டிக்கொண்டன. பிரதிநிதிகள் சபையின் 435 இடங்களில் உண்மையான போட்டி இருப்பது பத்தில் ஒன்றில்தான். மற்றவற்றில் வேட்பாளருக்கு எதிர்க்கட்சியிடம் பயமில்லை. சொந்தக் கட்சியில் தன்னைவிட உரத்துக் கத்துகிறவரிடம்தான் பயம்.

ஹைதராபாத்திலும் வடிகட்டல் நடந்தது. இங்கே அதைச் செய்தவை கலவரங்கள். 1978, 1990 என்று ரத்தம் சிந்திய ஒவ்வொரு முறையும் கலந்து வாழ்ந்த தெருக்கள் பிரிந்தன. பழைய நகரத்து இந்துக் குடும்பங்கள் பல வெளியேறின. வெளியே இருந்த முஸ்லிம் குடும்பங்கள் பல பாதுகாப்புத் தேடி உள்ளே வந்தன. வசிக்கும் தெருவே ஓட்டைச் சொல்லிவிடும் என்றானது. ஹைதராபாத் மக்களவைத் தொகுதி 1984 முதல் ஒவைசி குடும்பத்தை விட்டு விலகவில்லை. முதலில் தந்தை சலாஹுத்தீன், 2004 முதல் மகன் அசாதுத்தீன்.

2024-ல் அவரை எதிர்த்து பாஜக நிறுத்திய மாதவி லதா, பிரசாரத்தில் மசூதி இருந்த திசையில் அம்பு எய்வதுபோல் சைகை காட்டியதாகவும், வாக்குப்பதிவு நாளில் பர்தா அணிந்த பெண்களின் முகத்தைச் சரிபார்த்ததாகவும் வழக்குகளைச் சந்தித்தார். நாடு முழுக்கப் பேசப்பட்டார். பலன் என்ன? பாஜகவின் வாக்கு 3.23 லட்சமாகக் கூடியது. ஒவைசியின் வாக்கு 6.61 லட்சமாகக் கூடி, அவரது வெற்றி வித்தியாசம் முந்தைய தேர்தலைவிட அதிகமாகி 3.38 லட்சத்தைத் தொட்டது. பிஆர்எஸ் என்று பெயர் மாறிவிட்ட டிஆர்எஸ்ஸின் வேட்பாளருக்கு 20 ஆயிரம்கூடத் தேறவில்லை. பதிவான வாக்கு 48 விழுக்காடு. தெலங்கானாவின் 17 தொகுதிகளில் அதுதான் கடைசி.

முடிவு முன்கூட்டியே தெரிந்த ஆட்டத்தைப் பார்க்க யார் வருவார்கள்? அமெரிக்காவில் அதிபர் பதவி ஒவ்வொரு முறையும் இழுபறியில் நிற்பதால் வெறுப்பு ஓட்டாக மாறுகிறது. இங்கே வெறுப்பு தொலைக்காட்சியோடு முடிந்துவிடுகிறது.

பூட்டு திறக்காமல் இல்லை

இது தலைவிதி என்று நினைக்க வேண்டியதில்லை. 1980-களின் பிற்பகுதியில் இதே மஜ்லிஸ் இந்துக்களை மேயர் நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறது. 2025 நவம்பரில் ஜூபிலி ஹில்ஸ் சட்டமன்ற இடைத்தேர்தலில் காங்கிரஸ் சார்பில் வென்ற நவீன் யாதவ், 2014-ல் அதே தொகுதியில் மஜ்லிஸ் வேட்பாளராக நின்று இரண்டாவது இடம் பிடித்தவர். இம்முறை மஜ்லிஸ் ஆதரவோடு 24,729 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். பாஜகவுக்கு டெபாசிட் போனது. இந்து வேட்பாளரை முஸ்லிம் வாக்காளர்களும், மஜ்லிஸ் ஆதரித்த வேட்பாளரை இந்து வாக்காளர்களும் தேர்ந்தெடுக்க முடியும் என்பதற்கு ஆதாரம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். ஆனால் அங்கேயும் பாதிக்கும் மேற்பட்டோர் ஓட்டுப் போட வரவில்லை.

தொலைந்துபோன ஏரியும் திரும்பி வந்தது. வெள்ளத்துக்குப் பிறகு நாலாக்களைச் சீரமைக்க ஏறத்தாழ 1,000 கோடி ரூபாயில் திட்டம் போட்டார்கள். 2024 ஜூலையில் நீர்நிலை ஆக்கிரமிப்புகளை அகற்ற 'ஹைட்ரா' என்ற அமைப்பு பிறந்தது. சல்கம் செருவு ஏரிக்கரையில் ஒவைசி குடும்பத்தின் கல்லூரிக் கட்டடத்தை ஏன் இடிக்கவில்லை என்று பாஜக கேட்டது. ஏரி மறுபடியும் மத மேடைக்கே வந்து சேர்ந்தது.

இந்த ஊர் வெள்ளத்துக்கு வேறு விதமாகப் பதில் சொன்னதும் உண்டு. 1908 செப்டம்பர் 28 அன்று மூசி ஆறு பெருகியபோது ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். இன்றைய உஸ்மானியா மருத்துவமனை வளாகத்தின் புளியமரம் ஒன்றில் ஏறித் தப்பியவர்கள் சுமார் 150 பேர். அந்த மரம் நூறாண்டு கடந்தும் நின்று, நினைவுச்சின்னமாயிற்று. அன்றைய நிஜாம் அரசு பொறியாளர் விஸ்வேஸ்வரய்யாவை அழைத்தது. அவர் போட்ட திட்டத்தின்படி உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் என்று இரண்டு நீர்த்தேக்கங்கள் எழுந்தன. ஓட்டுரிமையே இல்லாத காலத்தில் நடந்த வேலை அது. ஓட்டுரிமை இருக்கிற காலத்தில் அதைவிடக் குறைவாகக் கேட்பது நமக்கு அழகல்ல.

நமக்கு என்று சொல்வதில் காரணம் இருக்கிறது. இந்த அளவு மதப் பிளவு இல்லாத சென்னையில் 2022 மாநகராட்சித் தேர்தலில் பதிவானது 44 விழுக்காட்டைத் தொடவில்லை. ஹைதராபாத்தைப் பார்த்துத் தலையாட்டும் தகுதி நமக்கு இல்லை. பாதி ஊர் வீட்டில் உட்கார்ந்தால், மீதிப் பாதியை இரண்டாகப் பிரிப்பது யாருக்கும் சுலபம். அடுத்த முறை உங்கள் வார்டுக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம், உங்கள் தெரு மழைநீர் எந்த வடிகாலில் போய் எந்த ஏரியில் சேருகிறது என்று கேளுங்கள். பதில் தெரிந்தவருக்குப் போடுங்கள். யாருக்கும் தெரியாவிட்டாலும், போய்ப் போடுங்கள்.