ஓடும்போதே மாறிய ஸ்கிரிப்ட்

திட்டக் கணக்கு முடியும் கெடு நெருங்கினால் ஆராய்ச்சி மாணவர்களின் கடிதங்களில் ஒரே குழப்பம்: ‘சூப்பர் கம்ப்யூட்டர் மையத்தில்தான் பேக்கப் இருக்கிறதே, தரவைத் தனியாக நகலெடுக்கச் சொல்லி ஏன் விரட்டுகிறார்கள்?’

பேக்கப் என்று மையம் சொல்வதை அப்படியே நம்பிவிட முடியாது. ஜப்பானின் கியோத்தோ பல்கலைக்கழகத்தில் 2021 டிசம்பரில் கோப்புகளை அழித்ததே பேக்கப் நிரல்தான்.

அது ஒரு ஷெல் ஸ்கிரிப்ட். பத்து நாளுக்கு மேல் பழசான லாக் கோப்புகளைத் தேடி நீக்கும் கட்டளையும் அதற்குள் இருந்தது. கணினியை வழங்கிய ஹியூலெட் பேக்கார்ட் ஜப்பான் நிறுவனம் ஸ்கிரிப்டைத் திருத்தி, பழையது ஓடிக்கொண்டிருந்தபோதே அதன்மேல் புதியதை எழுதிவிட்டது. பேஷ் என்னும் ஷெல், ஸ்கிரிப்டை முழுதாகப் படித்துவிட்டு வேலையைத் தொடங்குவதில்லை. கொஞ்சம் படிக்கும், செய்யும், விட்ட இடத்திலிருந்து மறுபடி படிக்கும். கதை படிப்பவர் நிமிர்ந்து பார்த்த நேரத்தில் ஏட்டை மாற்றி வைத்ததுபோல, விட்ட இடத்தில் இப்போது வேறு வரிகள். லாக் கோப்புகள் எங்கே என்று சொல்லும் மாறிக்கு மதிப்பு கொடுக்கப்படாமலேயே நீக்கும் கட்டளை ஓடியது. இடத்தின் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. கட்டளை ஆய்வாளர்களின் தரவு இருந்த ‘லார்ஜ் ஜீரோ’ சேமிப்பகத்துக்குள் புகுந்தது.

14ஆம் தேதி மாலை 5.32 முதல் 16ஆம் தேதி பகல் 12.43 வரை அழிந்தவை சுமார் 3.4 கோடி கோப்புகள், 77 டெராபைட். பாதிக்கப்பட்டவை 14 ஆய்வுக் குழுக்கள்.

எவை போயின என்பதுதான் நெஞ்சை உறுத்துகிறது. டிசம்பர் 3 மாலைக்குப் பிறகு மாற்றப்படாத கோப்புகளே போயின. தினமும் மாறும் அரைகுறைக் கோப்பு தப்பியது. கணக்கீடு முடிந்து, இனி தொட வேண்டாம் என்று பத்திரப்படுத்திய முடிவு அழிந்தது.

முழுப் பொறுப்பும் தங்களுடையதே என்று நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஆனால், 4 குழுக்களின் தரவை பேக்கப்பிலிருந்து மீட்க வழியில்லாமல் போயிற்று.

மற்றக் கேள்விகளுக்கு வருவோம்.

பெரிய மையங்களில் இடம் தாராளமாக இருக்குமே? அமெரிக்காவின் ஓக்ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தில் ஆரியன் சேமிப்பகம் 679 பெட்டாபைட். அங்கும் 90 நாள் தொடாத கோப்பு நீக்கப்படும்.

குட்டிக் கோப்புகளை லட்சக்கணக்கில் வைக்கலாமா? வேண்டாம், மெட்டாடேட்டா சர்வர் திணறும்.

காந்த நாடா இன்னும் புழக்கத்தில் உண்டா? உண்டு, நெடுநாள் வைப்புக்கு அதுதான் மலிவு.

முக்கியமான கோப்புகளை வேறு கணினியிலும் வைத்துக்கொள்ளும்படி கியோத்தோ பல்கலைக்கழகமே பிறகு தன் பயனர்களைக் கேட்டுக்கொண்டது. கெடு நாளுக்காகக் காத்திராதீர்கள். முடிந்த கணக்கீட்டின் முடிவுகளை இன்றே வேறிடத்துக்கு நகலெடுங்கள். நகலைத் திறந்தும் பாருங்கள்.