காலனிய நீக்கமும் கலைக்கல்வியும்: டிராயிங் பரீட்சையிலிருந்து குலக்கல்வி வரை

மலைக்கோட்டையிலிருந்து பேசுறேன். நம்ம நேயர் ஒருத்தர் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோட வேலை அறிவிப்பு ஒண்ணை அனுப்பி, தலைப்பே புரியல, கொஞ்சம் விளக்குங்கன்னு கேட்டிருந்தார். முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர் பணி. ஆய்வுப் பொருள், காலனிய நீக்கக் காலத்தில் கலைக்கல்வி.

முதல்ல அந்தப் பணி. சுருக்கமா போஸ்ட்டாக்னு சொல்வாங்க. பிஎச்டி முடிச்ச ஒருத்தர், நிரந்தர வேலை கிடைக்கிறதுக்கு முன்னாடி, ரெண்டு மூணு வருஷம் ஒரே கேள்வியை எடுத்துக்கிட்டு சம்பளத்தோட ஆராய்ச்சி பண்றது. வேலையைப் பத்தி இவ்வளவு போதும். தலைப்புதான் விஷயம்.

1947 ஆகஸ்ட்ல கொடி மாறிடுச்சு. அதுக்கப்புறம் பள்ளிக்கூடம் திறந்தப்போ டிராயிங் மாஸ்டர் கரும்பலகையில என்ன வரையச் சொல்லிக் கொடுத்தார்? யாரை மாணவனா சேர்த்துக்கிட்டாங்க? யாருக்கு மாஸ்டர் வேலை கிடைச்சது? ஆட்சி கைமாறின அந்த இருபது முப்பது வருஷத்துல இதெல்லாம் எப்படி மாறிச்சு, எது மாறவே இல்லைன்னு பார்க்கிறதுதான் இந்தத் துறை.

உலகத்துல இதுக்கு ரெண்டு மூணு பிரபலமான உதாரணம் உண்டு. நைஜீரியாவுல சாரியாங்கிற ஊர்க் கல்லூரியில 1958இல் மாணவர்கள் சிலர் சேர்ந்து ஒரு கலைச் சங்கம் ஆரம்பிச்சாங்க. உச்சே ஒகேகே, புரூஸ் ஒனோபிரக்பேயா எல்லாம் அதுல இருந்தவங்க. ஐரோப்பியப் பாடத்தை அப்படியே விழுங்க மாட்டோம், எங்க ஊர்க் கலையையும் அதோட கலப்போம்னாங்க. மொராக்கோவுல காசாபிளாங்கா கலைப்பள்ளிக்கு 1962இல் ஃபரித் பெல்காஹியா இயக்குநரா வந்தார். அங்க மாணவர்கள் கம்பளத்தையும் வெள்ளி நகையையும் வெச்சு வடிவம் படிச்சாங்க. வெள்ளைக்காரன் பாடத்தை விட்டுட்டு நம்ம கைவினைக்குத் திரும்புறதுங்கிற இந்தக் கதை கேட்கவே நல்லா இருக்கு. நம்ம ஊர்ல அந்தக் கதை அவ்வளவு சுலபமா ஓடல. ஏன்னு சொல்றேன்.

திருச்சியிலேயே ஆரம்பிக்கலாம். 19ஆம் நூற்றாண்டுல இந்த ஊர் ஓவியத்துக்குப் பேர் போன ஊர்னா இன்னைக்குப் பல பேர் நம்ப மாட்டாங்க. மைக்கா, நம்ம ஊர்ல காக்காப்பொன்னு சொல்வோமே, அந்த மெல்லிசான கண்ணாடி மாதிரித் தகட்டுல வரைஞ்ச படங்கள் திருச்சியோட சரக்கு. ஒவ்வொரு சாதிக்காரரும், ஒவ்வொரு தொழில் செய்றவரும், சாமி ஊர்வலமும் அதுல இருக்கும். கும்பினிக்காரங்க கட்டுக் கட்டா வாங்கி ஊருக்கு எடுத்துட்டுப் போனாங்க. லண்டன் மியூசியங்கள்ல இன்னைக்கும் இருக்கு. வரைஞ்சவங்க பேர்தான் பெரும்பாலும் இல்ல. அதே மாதிரி நெட்டி வேலை. தண்ணியில வளர்ற செடியோட வெள்ளைத் தண்டைச் சீவி, ஸ்ரீரங்கம் கோயிலையும் மலைக்கோட்டையையும் மாதிரி செஞ்சாங்க. மாட்டுப் பொங்கலுக்கு மாட்டுக் கழுத்துல போடுற நெட்டி மாலை தெரியும்ல, அதே நெட்டிதான். இந்தக் கைகளெல்லாம் பள்ளிக்கூடத்துல பழகினதில்ல. அப்பன்கிட்ட மகன், மாமன்கிட்ட மருமகன்னு கத்துக்கிட்டது.

இந்தப் பக்கம் 1850இல் அலெக்ஸாண்டர் ஹன்டர்னு ஒரு டாக்டர் மெட்ராஸ்ல ஒரு கலைப்பள்ளி ஆரம்பிக்கிறார். கொஞ்ச வருஷத்துல அரசாங்கம் அதை எடுத்துக்குது. இன்னைக்கு சென்னை அரசு கவின் கலைக் கல்லூரின்னு சொல்றோமே, அதுதான். லண்டன்ல 1851 பொருட்காட்சிக்கு அப்புறம் சவுத் கென்சிங்டன்ல ஒரு டிராயிங் பாடத்திட்டம் உருவாச்சு. முதல்ல நேர்கோடு, அப்புறம் வளைகோடு, அப்புறம் கனசதுரம், உருளை, பூச்சாடின்னு படிப்படியா போகும். அதோட நோக்கம் தொழிற்சாலைக்கு ஒழுங்கான கையைத் தயார் பண்றது, ஓவியரை உருவாக்குறதில்ல. அந்த முறைதான் இங்கேயும் இறங்கிச்சு. மெட்ராஸ் பள்ளி எவ்வளவு தூரம் தொழில் பக்கம் சாய்ஞ்சிருந்ததுன்னா, 1898 வாக்குல ஆல்ஃபிரட் சாட்டர்டன் அங்கதான் அலுமினியப் பாத்திரம் செய்யவே ஆரம்பிச்சார். நம்ம வீட்டு அலுமினியக் குண்டானுக்குப் பூர்வீகம் ஓவியக் கல்லூரி!

உங்கள்ல யாராவது டிராயிங் லோயர், ஹையர் பரீட்சை எழுதியிருந்தா ஞாபகம் இருக்கும். ஃப்ரீஹேண்ட் அவுட்லைன், மாடல் டிராயிங். ஸ்கேல் வெக்காம ரெண்டு பக்கமும் சமமா ஒரு ஜாடி வரையணும். பென்சிலைக் கையை நீட்டிப் பிடிச்சு ஒரு கண்ணை மூடி அளவு எடுக்கணும். அது அந்த சவுத் கென்சிங்டன் ஜாடியோட பேரன்தான். டிராயிங் மாஸ்டர் ஆகணும்னா இந்த சான்றிதழ் வேணும்ங்கிறதால, காலனிய ஆட்சி போன பிறகும் ஜாடி போகல.

மேலே, கல்லூரி மட்டத்துல மாற்றம் வந்தது. 1929இல் தேவி பிரசாத் ராய் சவுத்ரி தலைமைப் பொறுப்புக்கு வந்தார். அந்தப் பதவியில உட்கார்ந்த முதல் இந்தியர். மெரினாவுல இருக்கிற உழைப்பாளர் சிலை அவர் செஞ்சது. அவருக்கு அப்புறம் 1957இல் கே.சி.எஸ். பணிக்கர். சாரியாவுலயும் காசாபிளாங்காவுலயும் நடந்துக்கிட்டிருந்த அதே வருஷங்கள்ல இவரும் அதே கேள்வியோடதான் இருந்தார். 1963 வாக்குல ஜாதகக் கட்டம், எழுத்து மாதிரியான கிறுக்கல், குறியீடு இதையெல்லாம் ஓவியத்துக்குள்ள கொண்டு வந்தார். அவரும் மாணவர்களும் பாத்திக் துணி மாதிரி கைவினைப் பொருள் செஞ்சு வித்த காசுலதான் 1966இல் சோழமண்டலம் கிராமம் எழுந்தது. இது பல பேர் எழுதின விஷயம், நான் நீட்டல.

எனக்கு முக்கியமாப் படுறது 1953. சென்னை மாநில முதல்வர் ராஜாஜி மாற்றியமைக்கப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம்னு ஒண்ணு கொண்டு வந்தார். கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு மூணு மணி நேரம் பள்ளிக்கூடம். மீதி நேரம் வீட்டுல, அப்பா செய்யுற தொழிலைப் பார்த்துப் பழகணும். கைத்தொழிலுக்கு மரியாதை, குறைஞ்ச செலவுல நிறையப் பிள்ளைகளுக்குப் படிப்புன்னு காரணம் சொன்னாங்க. இதை அப்படியே ஒரு மொராக்கோக்காரர்கிட்ட சொல்லிப் பாருங்க, இதுதானே காலனிய நீக்கம்னு கேட்பார். வெள்ளைக்காரன் ஜாடியை வரையறதை விட்டுட்டு, குயவர் வீட்டுப் பிள்ளை அப்பாகிட்டயே பானை வனையக் கத்துக்குது. இதுல என்ன தப்பு?

தப்பு என்னன்னு தமிழ்நாட்டுக்கு உடனே புரிஞ்சது. குயவர் பிள்ளை குயவர், வண்ணார் பிள்ளை வண்ணார், செருப்புத் தைக்கிறவர் பிள்ளை அதே வேலை. வக்கீல் பிள்ளைக்கு மட்டும் வீட்டுல புத்தகம். பெரியார் இதைக் குலக்கல்வித் திட்டம்னார். அந்தப் பேர்தான் நிலைச்சது, அரசாங்கம் வெச்ச பேரை இன்னைக்கு யாருக்கும் தெரியாது. 1954 ஏப்ரல்ல ராஜாஜி பதவி விலகினார், காமராஜர் வந்தார், மே மாசம் திட்டம் போச்சு.

பரம்பரைக் கலைக்குத் திரும்புவோம்ங்கிற பேச்சு வந்தாலே இங்க ஒரு கேள்வி எழும்: யாரோட பரம்பரை, யார் திரும்பணும்? வெளிநாட்டுப் புத்தகங்கள்ல இந்தக் கேள்வி ஒரு ஓரமாத்தான் இருக்கு. என்னைக் கேட்டா, தமிழ்நாட்டுல கலைக்கல்வியை ஆராயறவர் இங்கேருந்துதான் தொடங்கணும்.

அதுக்காகப் பிறப்பை உடைச்சாச்சு, எல்லாம் சரியாச்சுன்னும் சொல்ல முடியாது. நடனத்தைப் பாருங்க. பக்கத்துப் புதுக்கோட்டையில பிறந்த முத்துலட்சுமி ரெட்டி பல வருஷம் போராடினார். 1947லேயே, சுதந்திரம் வந்த சில வாரத்துல, சென்னை மாகாணத்துல தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. அந்தப் பெண்களுக்கு அது விடுதலை, சந்தேகமே இல்ல. ஆனா அவங்க வீட்டுல வளர்ந்த சதிர், 1936இல் ருக்மிணி தேவி ஆரம்பிச்ச கலாக்ஷேத்ரா மாதிரி இடங்கள்ல பரதநாட்டியம்ங்கிற பேர்ல பாடமா உட்கார்ந்தது. மாணவிகள் பெரும்பாலும் வேற வீட்டுப் பிள்ளைகள். கலை எல்லாருக்கும்னு கதவு திறந்த அதே நேரத்துல, அதைக் காப்பாத்தி வெச்சிருந்தவங்க வெளியே நின்னாங்க. பிறப்பை உடைக்கிறதுக்கும் பறிக்கிறதுக்கும் நடுவுல கோடு எங்க இருக்குன்னு நான் இன்னும் யோசிச்சுக்கிட்டேதான் இருக்கேன்.

இசையில இதோட இன்னொரு வடிவம். 1949இல் சென்னையில அரசாங்கமே ஒரு கர்நாடக இசைக் கல்லூரி தொடங்கிச்சு. முதல் முதல்வர் நம்ம மாவட்டத்துக்காரர், முசிறி சுப்பிரமணிய ஐயர். குருவோட வீட்டுல தங்கிக் கத்துக்கிட்டது போய், மணி அடிச்சா வகுப்பு, வருஷக் கடைசியில பரீட்சைன்னு ஆச்சு. இன்னைக்கு நம்ம ஸ்ரீரங்கத்துல மூலத்தோப்புல மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கு. குரலிசை, வயலின், மிருதங்கம், பரதநாட்டியத்தோட நாகசுரம், தவில், தேவாரமும் மூணு வருஷப் படிப்பு. இந்தப் பள்ளிகளோட சேர்க்கை அறிவிப்பைக் கவனிச்சிருக்கீங்களா? குரலிசைக்கும் நடனத்துக்கும் ஏழாம் வகுப்பு தேறியிருக்கணும். நாகசுரம், தவில், தேவாரத்துக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரிஞ்சாப் போதும். அந்த ஒரு வரியில கதவும் திறந்திருக்கு, பழைய படிநிலையும் ஒளிஞ்சிருக்கு. எந்தக் கலைக்கு எவ்வளவு படிப்புன்னு யார், எப்போ முடிவு பண்ணாங்க? ஒரு போஸ்ட்டாக்குக்கு இந்த ஒரு கேள்வியே போதும்.

இதெல்லாம் பழைய கதைன்னு நினைச்சா, சம்பளப் பட்டியலைப் பாருங்க. 2012இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்கு ஓவியம், இசை, தையல், உடற்கல்வின்னு 16,549 பகுதி நேர ஆசிரியர்களை எடுத்தாங்க. வாரத்துக்கு மூணு அரை நாள், மாசம் 5,000 ரூபாய். பிறகு தொகை கூடினாலும், பணி நிரந்தரம் கேட்டு அவங்க வருஷக்கணக்கா போராடிட்டு வர்றாங்க. கணக்கு வாத்தியாரைப் பகுதி நேரமா வைக்கணும்னு யாருக்கும் தோணல, டிராயிங் வாத்தியாருக்குத் தோணிச்சு. இந்த வரிசையும் அந்தப் பழைய பாடத்திட்டத்தோட வந்ததுதான்னு நான் நினைக்கிறேன். கை வேலை ஒரு படி கீழேன்னு அங்கேயே எழுதிட்டாங்க.

யாராவது இந்த மாதிரி ஆய்வுக்குப் போறதா இருந்தா, எழும்பூர் ஆவணக் காப்பகத்துல பழைய கல்வித்துறைக் கோப்புகள் காத்திருக்கும், அவசரம் இல்ல. அவசரம் மனுஷங்க விஷயத்துலதான். ஐம்பதுகள்லயும் அறுபதுகள்லயும் படிச்சு டிராயிங் மாஸ்டர் ஆனவங்களுக்கு இன்னைக்கு எண்பது தொண்ணூறு வயசு. அவங்ககிட்ட படிச்சுட்டு, பரீட்சைக்குப் போகாம சினிமா பேனரும் கடை போர்டும் எழுதப் போனவங்களும் இருக்காங்க. ஃப்ளெக்ஸ் வந்து அவங்க பிழைப்பையே தூக்கிட்டுப் போச்சு. ஒரே வகுப்புல உட்கார்ந்து ஒரே ஜாடியை வரைஞ்ச ரெண்டு பேர், ஒருத்தர் பென்ஷன்காரர், ஒருத்தர் பெயிண்டர். யார் எந்தப் பக்கம் போனாங்க, அவங்க அப்பா என்ன வேலை பார்த்தார்னு ரெண்டு பேர்கிட்டயும் கேட்டு எழுதணும். ரெக்கார்டரோட தெப்பக்குளம் பக்கம் ஒரு வாரம் சுத்தினாலே முதல் பத்துப் பேர் கிடைப்பாங்க.