செலவுக் கணக்கு தானே பதிவாவது எப்படி?

பிரேசில் நாட்டில் ஒருவர் கடையில் பணம் செலுத்துகிறார். பின்னர் அச்செலவு அவரது கைப்பேசியிலுள்ள வரவு செலவுச் செயலியில் தானாகவே பதிவாகிறது. எப்படி?

அந்நாட்டு மத்திய வங்கி 2021-இல் தொடங்கிய 'திறந்த நிதி' முறையே இதற்கு அடிப்படை. வாடிக்கையாளர் தம் வங்கியிடமே இசைவு தருகிறார். கடவுச்சொல்லைச் செயலிக்குக் கொடுப்பதில்லை. இந்த இசைவு விவரங்களைப் படிக்க மட்டுமே. பணம் எடுக்க உதவாது. வேண்டும்போது இதனைத் திரும்பப் பெறவும் செய்யலாம்.

ஒரே செலவு இருமுறை வந்துவிட்டால்? ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் தனி அடையாள எண் உண்டு. அதே எண் மீண்டும் வந்தால் செயலி ஒதுக்கிவிடும்.

வங்கிப் பட்டியலைக் கோப்பாக இறக்கிச் சேர்ப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாம் 1,234.56 என எழுதுவதைப் பிரேசிலியர் 1.234,56 என எழுதுவர். புள்ளியைத் தசமப் புள்ளியாகக் கொண்டால், ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரெயால் ஏறத்தாழ ஒன்றேகால் ரெயாலாகச் சுருங்கிவிடும் அல்லவா?